வாழைக்குப் பின்னால ரெண்டு செடி

"அண்ணே, உங்க வாழைக்குப் பின்னால ரெண்டு செடி வளர்த்துத் தருவியளா?"

என் கூட்டுக்காரன் வீட்டுக்காரி போன மாசம் கேட்டா. என்ன செடின்னு அவ சொல்லல. எனக்குப் புரிஞ்சுது. கஞ்சா.

அவனுக்கு மோட்டார் நியூரான் நோய். கும்பப்பூ நடவுக்கு என்னோட சேர்ந்து வரப்பு வெட்டின ஆளு, இப்போ கட்டில்ல கிடக்கான். கை கால் தளர்ந்தது ஒரு பக்கம். ராத்திரியானா தசை இழுத்துப் பிடிச்சு கல்லு மாதிரி ஆயிரும். நீவி நீவி அவ கையும் ஓஞ்சுபோச்சு.

முடியாதுன்னு சொல்லிட்டேன். வளர்த்தா பத்து வருஷம் வரை கடுங்காவல் உண்டு. ஆனா அந்தப் பயம் மட்டும் காரணமில்லை. தோட்டத்துச் செடியில வீரியம் எவ்வளவுன்னு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மூச்சுத் தசையும் தளர்ந்துவரும் ஆளுக்குப் புகையைக் கொடுக்க முடியுமா?

ஆனாலும் அவ கேட்டது தப்பில்லை. 1839லேயே கல்கத்தாவில் ஓ'ஷாக்னெஸி என்ற டாக்டர் டெட்டனஸ் இழுப்புக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்து எழுதி வச்சிருக்கார். 2010இல் பிரிட்டன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தசை இறுக்கத்துக்கு நாபிக்ஸிமால்ஸ் என்ற கஞ்சா மருந்தை அனுமதிச்சுது. வாய்க்குள்ள அளந்து தெளிக்கிற மருந்து. அதையே இத்தாலியில் மோட்டார் நியூரான் நோயாளிகள் சுமார் 60 பேரிடம் சோதிச்சாங்க. இறுக்கம் குறைஞ்சதா 2019இல் முடிவு வந்தது. சின்னச் சோதனைதான். நோயை அது குணமாக்காது. ஆனா ராத்திரி உறக்கம் வந்தாலே அந்த வீட்டுக்குப் பெரிய காரியம்.

நம்ம நாட்டுக்கு இது முடியாத வேலையா? மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பக்கம் என்னைப் போல விவசாயிகள் அரசு லைசென்ஸோட அபின் பயிரிடுறாங்க. அரசே அளந்து வாங்குது. அபின்ல இருந்துதான் மார்ஃபின் வருது. 1985 போதைப்பொருள் சட்டக் கெடுபிடியில அந்த மார்ஃபினே புற்றுநோயாளிகளுக்குக் கிடைக்காமப் போச்சு. பக்கத்துத் திருவனந்தபுரத்து டாக்டர் ராஜகோபால் மாதிரி ஆட்கள் பல வருஷம் போராடி, 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினாங்க. அதே சட்டம் மருத்துவத் தேவைக்கும் வாசல் வச்சிருக்கு; கஞ்சா சாகுபடியை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரமும் கொடுத்திருக்கு. வாசல் இருக்கு, திறக்கத்தான் ஆள் இல்லை.

பள்ளிக்கூடப் பயலுவ கையில பொட்டலம் போறதை நினைச்சா எனக்கும் வயித்தைக் கலக்குது. பொட்டலம் விக்கிறவனைப் பிடிக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா அவன் மேல உள்ள கோபத்தைக் கட்டில்ல கிடக்கிறவன் மேல காட்டலாமா? எனக்கு லைசென்ஸ் வேண்டாம். அரசுப் பண்ணையிலேயே வளரட்டும். நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அளவு அச்சடிச்ச குப்பியில வரட்டும்.

அடுத்த தடவை அவ கேக்கும்போது, "டாக்டர்கிட்ட கேளு தங்கச்சி, தருவாங்க"ன்னு நான் சொல்ல முடியணும். அவ்வளவுதான்.