கிணற்றடியில் தொடங்கும் பௌதிகவியல்

‘வேலை என்றால் என்ன?’ என்று கேட்டால், க.பொ.த. சாதாரண தர மாணவர்களிற் பெரும்பாலானோர் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி எழுதிவிடுவர். ‘நீர் நிரம்பிய வாளியைத் தூக்கியபடி மட்டமான முற்றத்தில் சீரான வேகத்தில் 20 மீற்றர் நடந்து செல்பவர், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை எவ்வளவு?’ என்று அதையே சற்று மாற்றிக் கேட்டால் பேனை நின்றுவிடும்.

பாடத்தை முதலிற் படித்துவிட்டு, பின்னர் உதாரணத்துக்காக மட்டும் அன்றாட வாழ்வைத் தேடுவது எமது வழக்கம். இது தலைகீழான முறை என்பதே எனது கருத்து. உதாரணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அன்றாட அனுபவம் நல்ல ஆசிரியர்தான். சில வேளைகளில் அது எம்மை ஏமாற்றியும் விடும். வீட்டுக் கிணற்றடியையே எடுத்துக்கொள்வோம்.

10 லீற்றர் நீர் கொள்ளும் வாளியொன்றைக் கயிற்றிற் கட்டி இறக்குகிறீர்கள். அந்நீரின் திணிவு 10 கிலோகிராம். நிறை ஏறத்தாழ 100 நியூற்றன். (கடையிலே ‘நிறை 2 கிலோ’ என்கிறோமே, அது திணிவுதான். விடைத்தாளில் அவ்வாறு எழுதினால் புள்ளி போய்விடும்.) வாளி நீருக்குள் இருக்கும்வரை கைக்குப் பாரமே தெரிவதில்லை, நீர் மட்டத்தை விட்டு வெளிவரும்போதுதான் கயிறு இறுகுகிறது. ‘நீருக்குள் நிறை குறைகிறது’ என்று எழுதும் மாணவர் பலர். நிறை குறைவதில்லை. சுற்றியுள்ள நீர் கொடுக்கும் மேலுதைப்பு அந்த 100 நியூற்றனையும் தாங்கி நிற்கிறது. வாளி வெளியேற வெளியேற அந்தச் சுமை உங்கள் கைக்கு மாறுகிறது. ஆக்கிமிடிஸ் தத்துவத்தை மனனஞ் செய்வதற்கு முன்னர் இதை ஒரு தடவை கையால் உணர்ந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது கப்பி. ‘கப்பி விசையைக் குறைக்கிறது’ என்பது இன்னொரு பொதுவான பிழை. கிணற்றுக்கு மேலே நிலையாகப் பொருத்திய தனிக் கப்பி விசையைக் குறைப்பதில்லை. 100 நியூற்றன் சுமையை உயர்த்த 100 நியூற்றன் எத்தனம் வேண்டும். உராய்வையும் சேர்த்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். மாறுவது விசையின் திசை மட்டுமே. குனிந்து மேல்நோக்கி இழுப்பதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று உடலின் நிறையையும் துணைக்கொண்டு கீழ்நோக்கி இழுக்கிறோம். இலகுவாகத் தோன்றுவதன் காரணம் அதுவே.

நீரை 6 மீற்றர் உயர்த்தினால் செய்த வேலை 100 × 6 = 600 யூல். அதன்பின் வாளியுடன் முற்றத்தில் நடக்கும்போது? கை கொடுக்கும் விசை மேல்நோக்கியது, இடப்பெயர்ச்சி கிடையானது. எனவே புவியீர்ப்புக்கு எதிரான வேலை பூச்சியம். ‘அப்படியானால் கை ஏன் நோகிறது?’ என்று கேட்கும் மாணவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அசையாமல் வாளியைத் தாங்கி நிற்கும்போதும் தசைநார்கள் சக்தியைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சக்தி வாளிக்குப் போய்ச் சேர்வதில்லை, உடலிலேயே வெப்பமாகிறது.

யாழ்ப்பாணத்துத் துலாவைப் பற்றி உங்கள் பாட்டனாரிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கையில் ஆட்கள் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதித்தார்கள். வீட்டுத் துலாவின் பின்முனையிற் பாரம் கட்டப்பட்டிருக்கும். பொறுதியிலிருந்து வாளிக் கயிறு 4 மீற்றரிலும், 10 கிலோகிராம் கல் 2 மீற்றரிலும் இருப்பதாகக் கொள்வோம். கல்லின் விசைத்திருப்பம் 100 × 2 = 200 நியூற்றன் மீற்றர். கயிற்றில் அதைச் சமப்படுத்துவது 50 நியூற்றன். துலாவினதும் வாளியினதும் நிறையைப் புறக்கணித்தால், வெறும் வாளியை இறக்க 50 நியூற்றன் விசையாற் கீழே இழுக்க வேண்டும். நீர் நிரம்பிய வாளியை ஏற்ற 50 நியூற்றன் போதும். இறக்கும்போது 300 யூல், ஏற்றும்போது 300 யூல். மொத்தம் அதே 600 யூல்தான். வேலை சிறிதும் மிச்சமாகவில்லை; இரண்டாகப் பங்கிடப்பட்டது, அவ்வளவே. இக்கணக்கைத் தாமாகச் செய்து பார்த்தவருக்குச் சக்திக் காப்பு விதி மறக்காது.

நீரிறைக்கும் இயந்திரம் நீரை ‘உறிஞ்சுகிறது’ என்கிறோம். உண்மையில் அது குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்க, கிணற்று நீரை மேலே தள்ளுவது வளிமண்டல அமுக்கமே. அது ஏறத்தாழ 100 000 பஸ்கால் என்பதால், நிலத்தில் வைத்த எந்த இயந்திரமும் 10 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சியெடுக்க முடியாது. நடைமுறையில் எல்லை அதைவிடவும் குறைவு.

ஆனால் இவ்வியந்திரம் வேறொரு கணக்கையும் எம்மிடம் கேட்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினுள் மழைநீர் தேங்கி, கீழேயுள்ள கடல்நீரின் மீது மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீரினது ஏறத்தாழ 1025. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீரின் உயரம் 1 மீற்றர் எனவும், கீழே அதன் ஆழம் z மீற்றர் எனவும் கொள்க. அடியில் இரண்டினதும் அமுக்கங்கள் சமன். எனவே 1000 × (z + 1) = 1025 × z; z = 40. கைபென்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு எனப்படும் இது, நீங்கள் கற்ற திரவ அமுக்கச் சமன்பாடன்றி வேறில்லை. இக்கணக்கின்படி நன்னீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அந்நிலையிலேயே நீடித்தால், அடியிலுள்ள உவர்நீர் எல்லை காலப்போக்கில் 4 மீற்றர் மேலெழும். நிலத்தடியில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் உண்மை நிலை இதைவிடச் சிக்கலானது. எனினும் அளவுக்கு மீறி இறைத்த கிணறு ஏன் உவர்க்கிறது என்பது இங்கே தெளிவாகிறது.

இனி நீங்களே சிந்திக்க ஒரு வினா. ஒரு நாளில் ஒரே அளவு நீரை, ஒருவர் துலாவினால் காலையும் மாலையும் சிறிது சிறிதாகவும், மற்றவர் இயந்திரத்தால் ஒரு மணித்தியாலத்திலும் இறைக்கிறார். எவருடைய கிணற்றில் நீர் மட்டம் கூடுதலாக இறங்கும்? அடியிலுள்ள உவர்நீருக்கு என்ன நேரும்?