வாசலில் நின்ற பறை



திருவேங்கடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பாடற்குழு இளைஞன் ஒருவன் என்னிடம் வந்தான். "சாமி, காணிக்கைப் பாட்டுக்குப் பறை அடிக்கலாமா?" என்றான். நான் வாய் திறக்குமுன் அவன் தந்தை குறுக்கிட்டார். "வேண்டாம் சாமி. எங்கப்பா எழவு வீட்டு வாசல்ல நின்னு அடிச்சவரு. கூலியைக் கையில தரமாட்டாங்க, தரையில போடுவாங்க. அது எங்களோட போகட்டும்."

மகனுக்கு அந்த ஆசை ஓர் இசைக்குழுவால் வந்தது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது அதன் பெயர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் பாடகர்களையும் கலைஞர்களையும் தேடித் தேர்ந்து 2017இல் அதை உருவாக்கினர். 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் முதன்முறையாக மேடையேறினர். சாவு வீட்டுக் கானாவும் பறையும் சட்டியும், ராக் இசைக் கிதாரோடும் டிரம்ஸோடும் சரிசமமாக ஒலித்தன. 'சாதியற்ற தமிழர்' என்று பண்டிதர் அயோத்திதாசர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முழங்கிய கருத்திலிருந்து பிறந்ததே குழுவின் பெயர். ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு, 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வழியாக உலகறிந்த பாடகரானார். அவர்களுடைய வரிகள் அனைத்தும் எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் காதைப் பொத்திக்கொள்ளவும் தோன்றுகிறது. ஆயினும் பிறப்பால் திணிக்கப்பட்ட கருவியைத் தாமே விரும்பிக் கையிலெடுத்தவர்கள் அவர்கள் என்பதை மறுக்க இயலாது.

திருச்சபைக்கும் இது புதிதன்று. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் தரவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே திருவழிபாடு பற்றிய ஏட்டில் பணித்தது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. மேலைநாட்டு ஆர்மோனியத்தைத் தயக்கமின்றிப் பீடத்தருகே வைத்த நாம், பறையை மட்டும் அடக்கச் சடங்கின்போதுகூடக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டோம். நானும் நிறுத்தியவர்களுள் ஒருவன்.

எனினும் அந்தத் தந்தையிடம் சங்க ஏட்டை எடுத்துக்காட்ட எனக்கு மனம் வரவில்லை. தரையில் விழுந்த காசைக் குனிந்து பொறுக்கியவர் அவர் தந்தை. என் தந்தை அல்லர். "உம் சம்மதமின்றி அடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் கூறினேன்.

கடந்த வாரம் தந்தையும் மகனும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். மகன் கைப்பேசியில் அந்த நிகழ்ச்சியைக் காட்டினான். தந்தை பாட்டைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பறை அடிப்பவரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தபின் நெடுநேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் அடிக்கான் சாமி," என்றார் பிறகு. "தோலுதான் இன்னும் கொஞ்சம் தீயில காயணும்."