‘வொர்க்‌ஷாப்புக்குத்தான் போவே!’

சென்ற மாதம் சுங்கைப்பட்டாணியில் ஒரு நூல் வெளியீடு. முடிந்து தேநீர் வரிசையில் நின்றபோது நண்பர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டார். நகக்கண்ணில் கறுப்பு. மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத கிரீஸ்.

“என்ன சார் இது, வாத்தியார் கை மாதிரியே இல்லையே?”

காரைப் பழுதுபார்த்தேன் என்றேன்.

“அம்பது வெள்ளி குடுத்தா பையனுங்க செஞ்சி குடுத்துடுவானுங்கலா. படிச்ச மனுசன், நீங்க போயி எதுக்கு...”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. அதன் மறுபாதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மறுபாதியோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1971-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. இரண்டே இருக்கைகள், மடக்கிவிடக்கூடிய கேன்வாஸ் கூரை, 1798 சி.சி. இஞ்சின், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை இந்த வகைக் காரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், கோழி முட்டையிடும் இடமாக இருந்ததை வாங்கினேன். கெடாவின் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சமும் பொருந்தாத வண்டி. வெயிலில் கூரை வெடிக்கும். மழையில் கூரையின் ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கால்மிதிக்கு அடியில் தங்கும். அங்கிருந்து துரு தொடங்கும். ஓட்டிய நாள்களைவிட அதற்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த நாள்களே அதிகம்.

ஏன் இந்தக் கார்? என் அப்பா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிட்டராக இருந்தார். புகைவீடு, ரப்பர் ஷீட் போடும் ரோலர், ஜெனரேட்டர், டிராக்டர், தண்ணீர் பம்ப், எல்லாம் அவர் கையில்தான். துரையிடம் ஓர் எம்.ஜி.பி. இருந்தது. அதுவும் அவர் கையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டார்ச் பிடிப்பேன். “டேய், ஆட்டாத” என்பார். இரண்டு கார்புரேட்டர்களையும் சமமாக வைக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. ஒரு துண்டு ரப்பர் குழாய்தான். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயருகே பிடித்துக் காற்று இழுக்கும் சீறலைக் கேட்பார். பிறகு இரண்டாவது. இரண்டும் ஒரே சத்தமாகும் வரை திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவார். சங்கீத வித்வான் சுருதி சேர்ப்பதைப் பார்த்துத் தலையாட்டுகிறோம். இதற்கு யாரும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்க வேண்டும். செம்மண் பாதையில் புகைவீடு வரை போய்த் திரும்புவார். எவ்வளவு வெயிலானாலும் கூரையை மூடிக்கொண்டுதான் போவார். திறந்து வைத்து ஓட்டினால் என்னப்பா என்று ஒருமுறை கேட்டேன். “திறந்து வச்சா யார் ஓட்டுறான்னு தெரியுமே” என்றார்.

நான் வைத்திருப்பது அதே கார்தானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. அதுவாக இருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் இல்லை.

இனி என்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். தோழர் ஒருவர் மேடையிலேயே கேட்டார்: “வெள்ளைக்காரத் துரையின் காரை இன்னமும் துடைத்துக்கொண்டிருக்கிறாயே, இது அடிமைப் புத்தி இல்லையா?”

கேள்வி நியாயமானது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களை வரிசையாக நிறுத்தி, துரைத் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குத் தம் காரின் இஞ்சின் மூடியைத் திறக்கவே தெரியாது. அந்த ஏக்கத்தின்மீது எனக்கும் மரியாதை கிடையாது.

ஆனால் தோழரே, கார் யாருடையது? டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888-இல். ஃபோர்டின் மாடல் டி வெளிவந்தது 1908-இல். 1910-இல் ரப்பர் விலை வானத்துக்குப் போனது. காடழித்து ரப்பர் நட்டதும், நட்டதை வெட்ட நம் பாட்டன்மார்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி வந்ததும் அந்த விலைக்காகத்தான். பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டம் அமெரிக்க டயர் கம்பெனி ஒன்றின் சொத்தாக இருந்தது. கார் என்ற ஒன்று இல்லாதிருந்தால் நம்மில் பாதிப் பேர் கெடாவில் பிறந்தே இருக்க மாட்டோம். நாலு தலைமுறை அதன் சக்கரத்துக்குப் பால் வெட்டினோம். அந்தச் சக்கரத்தில் ஏற மட்டும் உரிமை இல்லை. ஏறுவது இருக்கட்டும். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரைமார் முன்னிலையில் சைக்கிளில் இருந்து இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது. சம்பள உயர்வோடு சேர்த்து வைக்கப்பட்ட கோரிக்கை அது. கூரையை மூடிக்கொண்டு ஓட்டிய என் அப்பாவுக்கு அந்த 1941 இன்னும் முடியவில்லை.

ஆக, நான் துடைப்பது துரையின் காரை அல்ல. துரை அதை ஓட்டினார், அவ்வளவுதான். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்திருந்தவர் என் அப்பா. உடைமை அவருடையது, அறிவு நம்முடையது. நாம் அந்த உடைமையை நினைத்துப் பொருமிக்கொண்டே அறிவைக் குப்பையில் போட்டுவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐம்பது வயது காரில் முதலில் சாவது இரும்பு அல்ல, ரப்பர். சஸ்பென்ஷன் புஷ், இஞ்சினைத் தாங்கும் மவுண்ட், கதவோர பீடிங், பிரேக் ஹோஸ், எல்லாம் வெடித்து உதிரும். ஒரு காலத்தில் உலகின் ரப்பர் உற்பத்தியில் முதலிடத்தில் இருந்த நாட்டில், பால் வெட்டியவர்களின் பேரன் நான், இங்கிலாந்திலிருந்து பவுன் கணக்கில் பணம் அனுப்பி ரப்பர் புஷ் தருவிக்கிறேன். தபால் பையைப் பிரிக்கும்போது சிரிப்புதான் வரும்.

இரண்டாவது குற்றச்சாட்டு, நண்பர் முடிக்காமல் விட்டது: படித்தவன் கூலி வேலை செய்யக் கூடாது.

இந்தப் பழியை முழுக்க வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட முடியாது. கை அழுக்காகிறவன் கீழே, கணக்கு எழுதுகிறவன் மேலே என்ற பாடத்தை நாம் கப்பல் ஏறும்போதே மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தோம். அதற்குச் சாதி என்று பெயர். தோட்டம் அதற்குக் கிராணி, கங்காணி, கூலி என்று புதுப்பெயர் வைத்தது. வருடத்தில் ஒரு நாள் ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். மற்ற நாள்களில் அதைத் தொடுகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறோம். ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் போட்டுத் தானே படித்துக்கொண்ட கோவை ஜி.டி. நாயுடுவைப் பற்றி மாணவர்களைப் பேச்சுப்போட்டியில் முழங்க வைக்கிறோம். அதே மாணவன் வீட்டில் மிக்ஸியைக் கழற்றினால் முதுகில் அறை.

நம் இலக்கியமும் இதற்கு விலக்கில்லை. நாற்பது வருடமாகத் தோட்டத்துக் கதைகளை வாசித்து வருகிறேன். பால்வாளி உண்டு, கள்ளுக்கடை உண்டு, கொடுங்கோல் கங்காணி உண்டு, கண்ணீர் ஏராளமாக உண்டு. நான் வாசித்தவரை, லோரி டிரைவர் ஓரமாக வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போவார். பிட்டர் வரவே மாட்டார். இரவு இரண்டு மணிக்கு நின்றுபோன ஜெனரேட்டரைக் காதால் கேட்டே நோய் கண்டுபிடித்த மனிதர்கள் நம்மிடம் இருந்தார்கள். நாம் அழுததை எழுதினோம், அறிந்ததை எழுதவில்லை. துன்பப்பட்டவன் என்று மட்டும் ஒருவனைத் திரும்பத் திரும்ப எழுதினால், கடைசியில் அவன் பிள்ளைக்கே அப்பாவிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்று தோன்றிவிடும்.

எனக்கும் தோன்றியது. பதினான்கு வயதில் ஒருநாள் ஸ்பேனரை எடுத்தேன். அப்பா பிடுங்கினார். “நீ படிடா. இந்த எழவெல்லாம் என்னோட போவட்டும்.” நான் படித்தேன். வாத்தியாரானேன். பின்னாளில் தோட்டம் விற்கப்பட்டது. வீடமைப்புத் தாமான் வந்தது. அப்பா போனபோது அந்தக் காதும் அவரோடு போயிற்று. ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்க நான் ஐம்பதை நெருங்கும் வயதில், கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பார்க்கப் போனால் இந்தக் கார் எனக்கு அப்பாவின் பள்ளிக்கூடம், நாற்பது வருடம் தாமதமாகச் சேர்ந்தேன்.

கற்றது என்ன? சொந்தமாகப் பழுதுபார்த்தால் பணம் மிச்சம் என்பவர்களை நம்பாதீர்கள். மிச்சமாகாது. கற்றது ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லின் ஆபத்து. இந்தக் காரின் நட்டுகள் இஞ்சு அளவு. அரை இஞ்சு நட்டுக்கு நம் கடையில் வாங்கிய 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையைத் தேய்த்து, பிறகு எந்த ஸ்பேனருக்கும் பிடிபடாமல் செய்துவிடும். மேடையில் கிட்டத்தட்டப் பேசிக் கைதட்டு வாங்கலாம். நட்டு கைதட்டாது.

பெருமையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான்கு வருடங்களுக்கு முன் பின்சக்கர பிரேக் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சீலை மாற்றினேன். கட்டைவிரல் நகத்தளவு சமாசாரம். அதன் உதடு பிரேக் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். நான் தலைகீழாகப் போட்டுவிட்டேன். என் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாம் போச்சு. பீடோங் சந்திப்பை நெருங்கும்போது மிதித்தேன். கால் தரை வரை போயிற்று. கைபிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். எதிரே பள்ளி விட்டு வந்த பிள்ளைகள். கையேடு படித்தால் போதும் என்ற படித்தவனின் திமிர் அந்தப் புல்லில் இறங்கியது.

வண்டியை இழுத்துப்போன இடம் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப். முதலாளி சக்கரத்தைக் கழற்றினார், சிலிண்டரைப் பிரித்தார், சீலை விரல் நுனியில் வைத்து என்னிடம் காட்டினார். “தலைகீழா போட்டிருக்கீங்க சார்.” பிறகு சிரித்துக்கொண்டே, “என்னைத் தெரியலயா சார்? மூணாம் படிவம். நீங்கதான சொன்னீங்க, படிக்காட்டி வொர்க்‌ஷாப்புக்குத்தான் போவேன்னு. போய்ட்டேன் சார்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எத்தனை வகுப்புகளில், எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேன்! பிட்டரின் மகன் நான், மிரட்டுவதற்கு என் அப்பாவின் தொழிலைப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த மிரட்டலை நம்பி, பிடிக்காத படிப்பில் உட்கார்ந்து, அதிலும் தேறாமல், கையிலும் தொழில் இல்லாமல் போன பையன்களும் இருப்பார்கள். அவர்கள் வந்து என்னிடம் சிரிக்கவில்லை.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிப்புதான் நம்மைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. அப்பா அதில் சரி. ஆனால் கைத்தொழில் படிப்பல்ல என்று யார் சொன்னது? கூருணில் மொடெனாஸ் மோட்டார் சைக்கிள் ஆலை இருக்கிறது. கூலிமில் கார் பூட்டும் ஆலை இருக்கிறது. டயருக்குப் பால் கொடுத்த மாநிலத்தில் இன்று வண்டியே பூட்டுகிறார்கள். மூன்றாம் படிவம் முடித்த பையன் கோலேஜ் வொக்கேஷனலுக்குப் போகிறேன் என்றால், அம்மா அழுகிறார், அப்பா சொந்தக்காரர்களிடம் மறைக்கிறார், வாத்தியார் “நல்ல மார்க்தான எடுத்த, ஏன்?” என்கிறார். வொக்கேஷனல் என்பது தோற்றவன் போகுமிடம் என்று நாமே எழுதி ஒட்டிவிட்டு, நம் பிள்ளைகளுக்குத் தொழில் தெரியவில்லை என்று நாமே கருத்தரங்கும் நடத்துகிறோம்.

அடுத்த சனிக்கிழமை காரின் வலதுபக்க சில்லை வெட்டியெடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் தகடு. கூரை இல்லாத காரில் பளுவைத் தாங்குவது அதுதான். முதலில் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து இறுக்காமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவு ஜென்மத்துக்கும் மூடாது. இது என் கைக்கு மீறிய வேலை. பழைய மாணவர்தான் வெல்டிங் செய்கிறார். நான் துரு சுரண்டுவேன், டார்ச் பிடிப்பேன்.

தேநீர் வரிசை நண்பருக்கும் அழைப்பு உண்டு. பழைய சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.