பெற்றோர் வீட்டு முன் வராந்தாவுக்கு என்ன தரை போடலாம்?



ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்த உங்களில் பலர், பெற்றோர் வீட்டைப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நல்ல காரியம். முன் வராந்தாவின் கிரில்லுக்குப் பின்னால் கண்ணாடிச் சன்னல் வைத்து, ஆடிக் காற்றுத் தூசி வராமல், காலை வெயில் மட்டும் வரும்படி ஓர் அறையாக்குவதுதான் இப்போது வழக்கம். 'சன் ரூம்' என்று பெயரும் வைத்தாயிற்று. அம்மா கீரை ஆயவும், அப்பா பேப்பர் படிக்கவும் அருமையான இடம்.

ஆனால் அந்த அறையின் தரையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சொல்கிறான். பெரும்பாலும் கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் அதில் வெறுங்காலோடு நடக்கப் போகிறவர். காலுக்குப் பிடிப்பு முதலில், கண்ணுக்குக் கூசாமை அடுத்து, உழைப்பு அதற்கடுத்து. பளபளப்பு கடைசி.

உராய்வுப் பாடம் நினைவிருக்கிறதா? வழுவழுப்பான தரைக்கும் பாதத்துக்கும் நடுவே தண்ணீரோ எண்ணெயோ புகுந்தால் பிடிப்பு போய்விடும். முன் வராந்தா என்பது வாசல் தெளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறும் இடம். மழையில் செருப்பைக் கழற்றும் இடம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அப்பா வெயிலுக்கு உட்காரும் இடமும் அதுதான். எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால், அதற்கு முன்பிருந்த நடை பலருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால்தான் இதை வெறும் அழகு விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி, ஒவ்வொரு தரையாகப் பார்ப்போம்.

1. விட்ரிஃபைடு டைல்ஸ். இதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிக வெப்பத்தில் சுட்டது; 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. கறை பிடிக்காது, வெயிலில் நிறம் மங்காது. ஆனால் பாலிஷ் போட்டதை விட்டுவிட்டு, சொரசொரப்பான 'மேட்' வகையைக் கேளுங்கள். சில நிறுவனங்கள் வழுக்கல் தடுப்பு அளவை ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறிப்பிடுகின்றன. எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். வராந்தாவுக்கு ஆர் 10 அல்லது ஆர் 11 பொருந்தும். அதற்கு மேல் போனால் துடைப்பது சிரமம், அழுக்கு தங்கும்.

2. ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் கையால் செய்வது. கண்ணாடிப் பலகையின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் பல தலைமுறை நடந்த தரைகள் இன்றும் பார்க்க லட்சணமாக இருக்கின்றன. அழகுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கல்லே ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம். அடியில் கலவையும் சேரும்போது, பழைய தரை மேலேயே போட்டால் கதவு இடிக்கும். சிமென்ட் என்பதால் ஆசிட் பட்டால் அரித்துவிடும். எலுமிச்சை, புளி சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். எண்ணெய் தடவித் தடவிப் பளபளப்பாக்கினால் இதுவும் வழுக்கும்.

3. ரெட் ஆக்சைடு தரை. நம் பாட்டி வீட்டுச் சிவப்புத் தரை. அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் நிறம். வெயிலில் வெளுக்காது. ஆனால் இழைத்துத் தேய்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிதாகிவிட்டது. நம் ஊர்ப் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அடித்தளம் சரியில்லை என்றால் ஒரே பரப்பாகப் போட்ட தரையில் கீறல் ஓடும். ஒட்டுப் போட்டால் நிறம் சேராது. டைல்ஸ், கல் என்றால் உடைந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். அதனால் எந்தத் தரையானாலும் பத்துக் கல் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

4. மரம்போல் இருக்கும் லேமினேட் பலகை. படத்தில் அழகு. தண்ணீர் இறங்கினால் உப்பும். நேர் வெயிலில் நாளடைவில் நிறம் மாறும். இந்த அறைக்கு வேண்டவே வேண்டாம்.

5. கறுப்பு கிரானைட். நம் கோயில் வெளிப் பிராகாரத்தில் உச்சி வெயிலில் ஓடியவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அடர்ந்த நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சும். மேற்குப் பார்த்த கண்ணாடி அறையில் மாலை நான்கு மணிக்குக் கால் வைக்க முடியாது. பளீர் வெள்ளையோ கண்ணைக் கூசவைக்கும், கண்புரை உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம். மணல் நிறம், இளம் பழுப்பு, மங்கிய செம்மண் நிறம் இவைதாம் உத்தமம். கரிசல் தூசியும் சட்டென்று தெரியாது.

வேலை நடக்கும்போது கொத்தனாரிடம் மூன்று சொல்லிவிடுங்கள். ஒன்று, வாசல் பக்கம் வாட்டம் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டு, டைல்ஸ் என்றால் நெருக்கி ஒட்டாமல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், சுவரோரத்திலும் கொஞ்சம் விட வேண்டும். வெயிலில் டைல்ஸ் விரியும். இடமில்லை என்றால் ஒருநாள் படீரென்று தூக்கிக்கொள்ளும். மூன்று, வராந்தாவுக்கும் உள் அறைக்கும் நடுவே அரை அங்குலப் படி வைக்க வேண்டாம். பெரியவர்களின் கால் தட்டுவது பெரிய படியில் அல்ல, கண்ணுக்குத் தெரியாத சின்னப் படியில்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. பிடித்த இரண்டு மூன்று மாதிரிகளை வாங்கி வந்து, நண்பகலில் அந்த வராந்தாவிலேயே ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். பிறகு தண்ணீர் தெளித்து, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, வெறுங்காலால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுடுகிறதா, வழுக்குகிறதா, கண் கூசுகிறதா என்று அவர் சொல்லட்டும். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்தக் கால் சொல்லும்.

பணம் கொடுப்பது நீங்களாக இருக்கலாம். ஆண்டுக்குப் பத்து நாள் வந்து போகிறவர்கள் நீங்கள். மீதி நாளெல்லாம் அதில் நடக்கப் போகிறவர்கள் அவர்கள்.

உங்கள் வீட்டில் என்ன தரை, எப்படி உழைக்கிறது என்று கீழே எழுதுங்கள். கட்டட வேலை தெரிந்த நம் மாணவர்கள் கட்டாயம் எழுத வேண்டும், மற்றவர்களுக்குப் பயன்படும்.