நரை கேட்கும் மைதானம்

ஒரு கால்பந்து அணி தன் புதிய பயிற்சியாளரின் பெயரை அறிவிக்கிறது. வயது முப்பதுகளில் இருக்கிறது; அல்லது வயது கொஞ்சம் கூடியிருந்தாலும், பயிற்சியாளராக அவர் ஒரு பருவத்தைக்கூட முழுதாக நடத்தியதில்லை. செய்தி வந்த வேகத்தில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் ‘இளரத்தம்’ என்று கொண்டாடுகிறார்கள். மறு சாரார் ‘தொழில் பழக எங்கள் அணிதான் கிடைத்ததா?’ என்று சீறுகிறார்கள். இரு தரப்புமே வயதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியதோ வேறொன்று என்பது என் எண்ணம்.

இளைஞர்களின் தரப்பு எப்போதும் எடுத்து வைக்கும் சாட்சி பார்சிலோனா. 2008ஆம் ஆண்டுக் கோடையில் அந்த அணி இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பருவங்களாக லீக் பட்டமும் இல்லை, ஐரோப்பியப் பட்டமும் இல்லை. ஸ்பானிய லீகில் மூன்றாமிடம். முதலிடம் பெற்ற ரியல் மாட்ரிட்டைவிட 18 புள்ளிகள் குறைவு. போதாக்குறைக்கு, பட்டத்தை ஏற்கெனவே உறுதிசெய்துவிட்ட மாட்ரிட் வீரர்களை அவர்கள் மைதானத்திலேயே இரு வரிசையாக நின்று கைதட்டி வரவேற்றுவிட்டு, 4-1 என்று தோற்றுத் திரும்பியிருந்தார்கள். அடுத்த பயிற்சியாளராக ஜோசே மொரின்யோவின் பெயர் அடிபட்டது. கிளப்பின் பிரதிநிதிகள் லிஸ்பன் சென்று அவரைச் சந்திக்கவும் செய்தார்கள். போர்ட்டோவுக்கு சாம்பியன்ஸ் லீகையும் செல்சிக்கு இரண்டு லீக் பட்டங்களையும் வென்று தந்தவர் அவர். ஆனால் பதவி 37 வயதான பெப் குவார்டியோலாவுக்குப் போயிற்று. பயிற்சியாளராக அவர் அதுவரை செய்திருந்தது, ஸ்பெயினின் நான்காம் நிலைப் பிரிவில் பார்சிலோனாவின் ‘பி’ அணியை ஒரே ஒரு பருவம் நடத்தியது மட்டுமே.

அந்த ஜூலையில் கிளப்பின் தலைவர் ஜோவான் லப்போர்ட்டாவின் மீது உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு தேவை என்ற விதி இருந்ததால் அவர் தப்பினார். லீகின் முதல் ஆட்டத்தில், அப்போதுதான் மேல்பிரிவுக்கு ஏறி வந்திருந்த நுமான்சியாவிடம் 0-1 என்று தோல்வி. இரண்டாவது ஆட்டம் சொந்த மைதானத்தில்; ராசிங் சாந்தாந்தேருடன் 1-1. இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. அந்த வாரத்தில் ஒரு பார்சிலோனா ரசிகர் நம்பிக்கை இழந்திருந்தால் அவரை யாரால் குறைசொல்ல முடியும்? மூன்றாவது ஆட்டத்தில் ஹிஹோனில் 6-1. அதற்குப் பின் நடந்தது வரலாறு. லீக், ஸ்பானியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்ற முதல் ஸ்பானிய அணி அது.

இந்தக் கதையை இளமையின் வெற்றி என்று சொல்வது எளிது. சற்று நிதானித்துப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. குவார்டியோலா 13 வயதில் அந்தக் கிளப்பின் லா மசியா பயிற்சிக்கூடத்துக்கு வந்தவர். யொஹான் க்ரைஃபின் அணியில் நடுக்களத்தில் ஆடியவர். பின்னர் தலைவராகவும் இருந்தவர். அவர் உயர்த்திப் பிடித்த ஆட்டமுறை அவருக்கு முன்பே அந்த மண்ணில் வேர்விட்டிருந்தது. முதல் அணிக்கு அவர் அழைத்துவந்த புஸ்கெட்ஸும் பெட்ரோவும் ‘பி’ அணியில் அவர் கையில் வளர்ந்தவர்கள். வேறெந்தக் கிளப்பும் அன்று அவரை நியமித்திருந்தால் அது சூதாட்டம். பார்சிலோனாவுக்கோ அது வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தது போல.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் யுவென்டஸை வைத்துப் பார்க்கலாம். ஆந்த்ரேயா பிர்லோ 2020 ஜூலை இறுதியில் அந்தக் கிளப்பின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். பத்து நாட்கள்கூடக் கழியவில்லை. சாம்பியன்ஸ் லீகிலிருந்து லியோன் அணியால் வெளியேற்றப்பட்டதும் மவுரீட்சியோ சாரி நீக்கப்பட்டார். இளையோர் அணியின் ஒரு ஆட்டத்தைக்கூட நடத்தியிராத பிர்லோ முதல் அணிக்கு உயர்த்தப்பட்டார். தொழிலுக்கான உயர்நிலைச் சான்றிதழே அவருக்கு அடுத்த மாதம்தான் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வென்ற லீக் பட்டம் அவர் காலத்தில் கைவிட்டுப் போயிற்று. அணி நான்காமிடத்துக்கு இறங்கியது. இத்தாலியக் கோப்பையையும் சூப்பர் கோப்பையையும் அவர் வென்றுதான் தந்தார். இருந்தும் 2021 மே மாதத்தில் அவரை அனுப்பிவிட்டு, பழைய அலெக்ரியையே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இப்படித்தான் நடக்கும் என்று முதல் நாளே எழுதியவர்களை அவசரக்காரர்கள் என்று நம்மால் சொல்ல முடியுமா?

பதவியேற்றபோது பிர்லோவுக்கு வயது 41. இந்த எண்ணை யூலியன் நாகல்ஸ்மனின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஜெர்மனியின் ஹொஃபன்ஹைம் அணியை அவர் 2016 பிப்ரவரியில் ஏற்றபோது அவருக்கு வயது 28. அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது. எஞ்சியிருந்த 14 ஆட்டங்களில் ஏழை வென்று, ஒரே புள்ளி வித்தியாசத்தில் தப்பித்தார்கள். அடுத்த பருவத்தில் நான்காமிடம், அதற்கடுத்ததில் மூன்றாமிடம். ஆனால் நாகல்ஸ்மன் அனுபவமற்றவர் அல்லர். முழங்கால் காயத்தால் இருபது வயதிலேயே ஆட்டத்தை விட நேர்ந்தவர். எதிரணிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் வேலையிலிருந்து தொடங்கி, இளையோர் அணிகளைப் பயிற்றுவித்து, ஹொஃபன்ஹைமின் 19 வயதுக்குட்பட்டோரை 2014இல் தேசியப் பட்டம் வெல்லவைத்தவர். 28 வயதுக்காரர் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் உழைத்திருந்தார். 41 வயதுக்காரருக்கு ஒரு நாள் அனுபவமும் இல்லை.

நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் மூன்று விஷயங்கள் இங்கே பிரிந்து நிற்கின்றன: வயது, பயிற்சியாளராகப் பெற்ற அனுபவம், ஆட்டக்காரராகச் சேர்த்த புகழ். இவற்றில் மூன்றாவதுதான் ரசிகரின் கண்ணை அதிகம் மறைப்பது. பிர்லோ தொட்ட பந்தின் அழகைக் கண்டவர்களுக்கு, அவர் சொல்லிக் கொடுத்தால் அந்த அழகு பதினொரு பேருக்கும் வந்துவிடும் என்று தோன்றுவது இயல்பு. பாடத் தெரிந்தவரெல்லாம் பாட்டு வாத்தியாராகிவிட முடியாது. இதன் மறுபக்கமும் உண்மை. 1987இல் ஏசி மிலான் அணியைப் பொறுப்பேற்ற அர்ரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. காலணி விற்றுப் பிழைத்தவர். முதல் பருவத்திலேயே லீக் பட்டம், பிறகு 1989, 1990 இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பை.

கரிகாலனிடம் வழக்குரைக்க வந்த முதியவர்கள் அவனது இளமையைக் கண்டு தயங்கினார்கள் என்றும், அவன் நரைமுடி தரித்து முதியவனாக வந்து தீர்ப்புச் சொன்னான் என்றும் நம் மரபில் ஒரு கதை உண்டு. தீர்ப்பு சரியானது என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே நரையைக் களைந்தானாம். மக்கள் நரையைக் கேட்டது மடமையால் அல்ல என்பதை அந்தக் கதை நன்றாக உணர்ந்திருக்கிறது. தீர்ப்பு வரும்வரை தீர்ப்பின் தரத்தை அறிய வழியில்லை. அதுவரை பற்றிக்கொள்ள ஓர் அடையாளம் வேண்டும். கால்பந்து ரசிகரின் நிலையும் அதுதான். ஒளிந்து கொள்ள நரைமுடி மட்டும் இன்றைய பயிற்சியாளருக்குக் கிடைப்பதில்லை.

ஓய்வறையிலும் அவருக்கு இதே சோதனை காத்திருக்கிறது. போர்ட்டோவில் ஒரே பருவத்தில் மூன்று பட்டங்களை வென்ற ஆந்த்ரே வில்லாஸ் போவாஸை 2011இல் செல்சி பெரும் தொகை கொடுத்து அழைத்து வந்தது. வயது 33. அவர் வழிநடத்த வேண்டிய ஃப்ராங்க் லாம்பார்டுக்கும் அதே வயது. 2012 பிப்ரவரியில் நாப்போலிக்கு எதிரான ஆட்டத்தில் மூத்தவர்களான லாம்பார்டையும் ஆஷ்லி கோலையும் அவர் வெளியே உட்காரவைத்தார். அணி 3-1 என்று தோற்றது. மார்ச் தொடக்கத்தில் வேலை போயிற்று. அவருடைய உதவியாளராக இருந்த டி மத்தேயோ அதே வீரர்களைக் கொண்டு மே மாதத்தில் சாம்பியன்ஸ் லீகை வென்றார். தலைமுறை மாற்றத்தைச் செய்து முடி என்று ஒரு இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, மூத்தவர்கள் முணுமுணுத்ததும் அவரைக் கைவிட்ட நிர்வாகத்தைப் பற்றி அந்தக் கொண்டாட்டத்தில் யாரும் பேசவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். அனுபவமற்ற பயிற்சியாளர் பல நேரங்களில் நிர்வாகத்துக்கு வசதியான கேடயம். சம்பளம் குறைவு, எதிர்த்துப் பேசமாட்டார், தோற்றால் பழி அவருக்கு. ஒரு நாளும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத கேரி நெவிலை 2015 டிசம்பரில் வலென்சியா அணியின் உரிமையாளர் பீட்டர் லிம் கொண்டுவந்தார். நெவில் அவருடைய வணிகப் பங்காளி. பார்சிலோனாவிடம் 7-0 என்று தோற்ற பிறகு ரசிகர்கள் நெவிலை வெளியேறச் சொல்லி முழங்கினார்கள். நான்கு மாதத்துக்குள் அவர் போய்விட்டார், லிம் இருந்தார். அதே மைதானத்தில் லிம்முக்கு எதிராகவே பதாகைகள் எழுந்த ஆண்டுகளும் பிறகு வந்தன. கோபம் அப்போதுதான் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது.

பொறுமையைப் பற்றியும் ஒரு சொல். ஆர்சனலில் மிகேல் ஆர்டெட்டா 2019 டிசம்பரில் 37 வயதில் பொறுப்பேற்றார். 2020இல் எஃப்ஏ கோப்பை கிடைத்தது. லீகிலோ அடுத்தடுத்து இரண்டு முறை எட்டாமிடம். 2021-22 பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்று அட்டவணையின் அடியில் கிடந்தார்கள். அவரை நீக்கச் சொன்ன குரல்களுக்கு அன்று நியாயம் இருந்தது. நிர்வாகம் அசையவில்லை. வயதான வீரர்களை அனுப்பி, இளையவர்களை வாங்கி, அவருடைய திட்டத்துக்கேற்ப அணியை மாற்றியது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் இரண்டாமிடம். பொறுமை அங்கே பலித்ததற்குக் காரணம், அதன் செலவை நிர்வாகமும் ஏற்றுக்கொண்டது. ரசிகரிடம் மட்டும் பொறுமையைக் கேட்டு, தான் எதையும் மாற்றாமல் காத்திருக்கும் கிளப்புக்கு அந்தப் பொறுமையைக் கேட்கும் உரிமை கிடையாது.

ஆகவே அடுத்த முறை ஒரு இளைஞரின் பெயர் அறிவிக்கப்படும்போது பிறந்த ஆண்டைத் தேடுவதைச் சற்றுத் தள்ளிவைக்கலாம். இவர் இதுவரை யாருக்கு, எதைக் கற்றுக் கொடுத்திருக்கிறார்? இவருடைய ஆட்டமுறைக்குப் பொருந்தும் வீரர்கள் இங்கே இருக்கிறார்களா? முதல் மூன்று தோல்விகளுக்குப் பிறகு இவருக்குப் பக்கத்தில் நிற்கப்போவது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பயிற்சியாளரால் பதில் சொல்ல முடியாது. அவரை அழைத்து வந்து புகைப்படத்துக்குச் சிரித்து நிற்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.