ப்ரூகலின் மலை

ஃபிளாண்டர்ஸ் சமவெளி நாடு. ஆயினும் பீட்டர் ப்ரூகல் 1565இல் தீட்டிய, இன்று வியன்னாவில் உள்ள ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தில் செங்குத்தான சிகரங்கள் எழுகின்றன. இத்தாலிப் பயணத்தில் அவர் கண்ட ஆல்ப்ஸின் நினைவுகள் அவை. இவ்வோவியத்தின் துயரம் பனியிலிருந்து பிறப்பதாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை; அது அமைப்பிலிருந்து பிறக்கிறது. இடப்புற மேட்டில் வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகு காட்டி நடக்கிறார்கள். கிடைத்தது ஒரேயொரு நரி. வரிசையாக நிற்கும் இலையற்ற மரங்கள் நம் பார்வையைச் சரிவில் இறக்கி, உறைந்த குளங்களில் விளையாடுவோரிடம் சேர்க்கின்றன. மகிழ்ச்சி அங்கிருக்கிறது, எட்டாத தொலைவில். அதற்கும் அப்பால், எதையும் பொருட்படுத்தாத மலை. முகங்களைக் காட்டாமலே களைப்பை உணர்த்திவிடுகிறார் ப்ரூகல். நாமும் அம்மேட்டில், அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறோம். இன்னும் வீடு திரும்பவில்லை.