முதல் துளையிலேயே கணக்கு வேண்டும்

தோட்டத்துக் கிராணியார் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஆப்பிரிக்காவிலே நமீபியா நாட்டுப் பாலைவனத்தில் யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்கத் துளை போடுகிறார்களாம். சுரங்கம் இன்னும் வரவில்லை; வருமா என்றும் தெரியாது. மணலும் கல்லுமாய்க் கிடக்கிற பூமியில் எவனோ துளை போட்டால் பால் வெட்டுகிறவனுக்கு என்ன? அதற்குப் போய் நம் பத்திரிகையில் ஒரு பக்கமா?" என்றார்.

அன்பர் கேட்டதில் குற்றமில்லை. சுரங்கமே வராத இடத்தில் சங்கத்துக்கு என்ன வேலை என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் துளை தானாக விழுவதில்லை. கனத்த இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, நாள் முழுதும் எந்திரத்தின் இரைச்சலிலும் புழுதியிலும் நிற்கிற ஒருவன் அங்கே இருக்கிறான். அவன் கூலி வாங்குகிறவன். அவனைப் பற்றிப் பேசத்தான் இந்தப் பக்கம்.

முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுவோம். யுரேனியம் தேடுவோர் தொடக்கத்தில் விமானத்தில் ஒரு கருவியை வைத்துத் தாழப் பறந்து, தரையிலிருந்து எழும் கதிரை அளக்கிறார்கள். ஆயினும் ஒரு முழம் மண் மேலே மூடியிருந்தால் போதும், கீழே இருப்பது தெரியாது. ஆகவே துளை போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரட்டைச் சுவர்க் குழாயின் முனையில் சம்மட்டிபோல் இடிக்கும் உளி இருக்கும். அமுக்கிய காற்றைச் செலுத்தினால் உளி பாறையை நொறுக்கும். நொறுங்கிய பொடி உட்குழாய் வழியே மேலே வந்து கொட்டும். மீட்டருக்கு ஒரு சாக்கு. கொட்டியதைக் கட்டி, எண் எழுதி, வரிசையாக அடுக்க வேண்டும். அதில் ஒரு பங்கு சோதனைச்சாலைக்குப் போகும். பின்னர், துளைக்குள் கம்பியில் ஓர் அளவுகருவியை இறக்குவார்கள். அது யுரேனியத்தை நேராக அளப்பதில்லை. யுரேனியம் சிதைந்து உண்டாகிற வாரிசுப் பொருள்களின் கதிரை அளக்கிறது, அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். துளைகளை முதலில் எட்ட எட்டப் போடுவார்கள்; நல்ல குறி தெரிந்த இடத்தில் நெருக்கிப் போடுவார்கள். புதுக்கன்று நட்ட நிரைபோல் துளைகள் கோடு பிடித்து நிற்கும்.

இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்துவது நம் வழக்கமன்று. நமீப் பாலைவனத்திலுள்ள ரோசிங் சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்கு ஏறத்தாழ 300 கிராம் யுரேனியமே உண்டு. அப்படிப்பட்ட பாறைப் பக்கம் சில நாள் நின்றதனால் ஒருவனும் சாவதில்லை. ஆபத்து வேறு வழியில் வருகிறது. பாறைப் பொடியில் சிலிக்காத் தூளும் கதிர்விடும் துகளும் கலந்திருக்கின்றன. மூச்சோடு அவை நெஞ்சுக்குள் போகின்றன. ரேடான் என்று ஒரு வாயு உண்டு, நிறமில்லை, மணமில்லை. வெட்டவெளியில் அது காற்றோடு கலைந்துவிடும். மாதிரிச் சாக்குகள் அடுக்கிய மூடிய கொட்டகையில் தேங்கும். இவற்றால் வருகிற நுரையீரல் புற்று மறுநாளே வருவதன்று. பத்து, இருபது ஆண்டு கழித்து, ஆள் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கும்போது வரும். புழுதியை ஈரமாக்கி அடக்கலாம். நல்ல முகமூடி கொடுக்கலாம். சட்டையில் குத்திக்கொள்ளும் கதிர் அளவியும் கொடுக்கலாம். இவை எவையும் துளையிடும் எந்திரத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வாரா. உலக வரம்பு என்று ஒன்று இருக்கிறது: பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட், கதிர் வேலை செய்பவனுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. ஒருவன் எவ்வளவு வாங்கினான் என்று எழுதி வைக்காதபோது, வரம்பைத் தாண்டினானா இல்லையா என்று யார் சொல்வது?

நம் வழக்கு முழுதும் இந்த எழுதி வைப்பதைப் பற்றியதே. தேடும் உரிமம் பெற்ற கம்பெனி தானே துளை போடுவது அரிது. துளையிடும் காண்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்கிறது. அவர் ஆள் பிடிக்கிறார். மூன்று மாதமோ நான்கு மாதமோ வேலை. முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு பாலை, வேறு கம்பெனி. இந்த ஏற்பாடு நம் அன்பர்களுக்குப் புதிதன்று. காண்ட்ராக்டு ஆள் தோட்டத்தில் வேலை செய்வான், தோட்டத்துச் செக்ரோலில் அவன் பெயர் இராது. கேட்டால் "அவர் எங்கள் ஆளல்லர்" என்று ஆபீசில் பதில் வரும். காண்ட்ராக்டரைத் தேடிப் போனால் அவர் பெயர்ப்பலகையை மாற்றியிருப்பார். செக்ரோலில் பெயர் விழாத நாள் கூலிக்காரனுக்கு விடியாத நாள் என்பதைக் கிராணிமார்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

தேடல் காலத்தில் எதுவும் முடிவாகவில்லை, சுரங்கம் வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். நமீபியாவின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ரோசிங்கில் கதிர்விடும் கனிமம் 1928-ஆம் ஆண்டிலேயே கண்ணில் பட்டது. 1966-இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி தேடும் உரிமையைப் பெற்றது. பத்தாண்டு துளை போட்டுச் சோதித்து, 1976-இல் சுரங்கம் திறந்தது. அந்தப் பத்தாண்டில்தான் எல்லாம் முடிவாயிற்று. குழி எங்கே, கழிவு எங்கே, தண்ணீர் எங்கிருந்து, யார் எங்கே குடியிருப்பது என்பதெல்லாம் அப்போதே தீர்ந்துவிட்டது. அன்று அந்நாடு தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்தது. அதன் கனிமங்களை அனுமதியின்றி எடுக்கலாகாது என்று ஐக்கிய நாட்டு நமீபிய மன்றம் 1974-இல் ஆணையிட்டது. ஆணை காகிதத்தில் இருந்தது, சுரங்கம் திறந்தது. வெள்ளையர் கடலோர ஸ்வாகோப்முண்ட் நகரில் குடியிருந்தனர். கறுப்புத் தொழிலாளருக்குப் பாலையின் நடுவே அராண்டிஸ் என்ற ஊரைக் கட்டினார்கள். துரை பங்களாவும் கூலி லயமும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமீபியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1986-இல். சுரங்கம் திறந்து பத்தாண்டு. தேடல் தொடங்கி இருபது ஆண்டு. 1990-இல் நாடு விடுதலை பெற்றது. ரோசிங் 2019-இல் சீன அரசுக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதன் அருகிலேயே, மணல் மூடிய சமவெளிக்கு அடியில், 2008-இல் துளை போட்டுக் கண்ட ஹுசாப் படிவம் 2016-ஆம் ஆண்டு இறுதியில் உற்பத்திக்கு வந்துவிட்டது. எட்டே ஆண்டு! இனிச் சங்கம் பிறப்பதற்கு இருபது ஆண்டு காத்திருக்க முடியாது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982-இல் ஓர் ஆலை ஓடத் தொடங்கிற்று. ஈயச் சுரங்கத்து மணலிலிருந்து அரிய கனிமம் பிரித்தார்கள். கதிர்விடும் தோரியக் கழிவு மிஞ்சிற்று. ஊர்மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. 1993-இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1994-இல் ஆலையே மூடப்பட்டது. ஆலை ஓடிய பிறகு கேட்ட கேள்விக்கு ஒன்பது ஆண்டு நடக்க வேண்டியிருந்தது.

இது நிற்க. பாலைவனம் ஆளில்லாத இடம் என்கிறார்கள். நம் மூத்தோர் கால் வைத்த காட்டையும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே ஓராங் அஸ்லி மக்கள் இருந்தார்கள். நமீப் பாலையில் கூயிசெப் ஆற்றங்கரையோரம் தோப்னார் மக்கள், நாரா என்னும் கொம்மட்டிப் பழத்தை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய, இரண்டே இலையுள்ள வெல்விச்சியாச் செடி அந்த மண்ணில்தான் நிற்கிறது. ஒரு லாரி சரளைத் தரையில் ஒருமுறை ஓடினால் அந்தத் தடம் பல பத்தாண்டுக்கு அழியாது.

தண்ணீரின் கதை இதைவிடக் கடுமையானது. நமீபியாவின் தென்கிழக்கே கலகாரிப் பாலையில் ஸ்டாம்பிரீட் என்னும் நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா மூன்றுக்கும் அது பொது. குடிநீரும் ஆடுமாட்டுத் தண்ணீரும் அங்கே கிணற்றிலிருந்துதான். ரஷ்ய அரசு அணுசக்திக் கழகத்தின் கிளைக் கம்பெனி ஒன்று அங்கே யுரேனியம் தேடித் துளை போட்டது. நீர் ஊறும் மணற்பாறையிலேயே யுரேனியம் இருப்பதால், குழி தோண்டாமல் அமிலக் கரைசலைத் துளை வழியே இறக்கிக் கரைத்து மேலே எடுக்கும் முறை அவர்கள் எண்ணத்தில் இருந்தது. அம்முறையால் தீங்கில்லை என்பது கம்பெனியின் கட்சி. குடியானவர்கள் அதை ஏற்கவில்லை. அமில முறையைப் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். வெறும் தேடல் துளையே பல நீர்ப்படிவுகளைக் குத்திக்கொண்டு போகிறதல்லவா? சிமெண்டு இட்டு அடைக்காவிட்டால் மேல்நீரும் கீழ்நீரும் கலந்துவிடும். நமீபிய அரசின் நீர்த்துறை அமைச்சு, நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று சொல்லி, 2021-இல் துளையிடும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. தேடல் காலத்திலேயே கேள்வி கேட்கலாம், கேட்டால் பயனுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"வேலை கிடைக்கிறதே, அதைக் கெடுப்பானேன்?" என்று கேட்பாரும் உண்டு. வேலையை நாம் கெடுக்கச் சொல்லவில்லை. வறண்ட நாட்டில் ஒரு சம்பளம் எத்தனை வாயை நிரப்பும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையின் ஆயுள் விலையின் கையில் இருக்கிறது. 2007-இல் யுரேனியம் இராத்தல் 130 அமெரிக்க வெள்ளிக்கு மேல் ஏறிற்று. உரிமம் கேட்டுக் கம்பெனிகள் முண்டியடித்தன. நமீபிய அரசே புதிய தேடல் உரிமங்களைச் சில காலம் நிறுத்தி வைக்கும் அளவுக்குக் கூட்டம். 2011-இல் ஜப்பானின் ஃபுக்குஷிமா விபத்து. 2016 இறுதியில் விலை 20 வெள்ளிக்கும் கீழே. டிரெக்கோப்யே சுரங்க வேலை 2012-இல் நின்றது. லாங்கர் ஹைன்ரிக் 2018-இல் மூடிற்று. 2024 ஜனவரியில் விலை 100 வெள்ளியைத் தாண்டியது. அவ்வாண்டே லாங்கர் ஹைன்ரிக் மீண்டும் திறந்தது. கொரியச் சண்டையில் ரப்பர் விலை ஏறியதையும் பிறகு சரிந்ததையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த ஊஞ்சல் புரியும். விலை ஏறினால் முதலில் ஆள் எடுப்பது துளை போடும் வேலைக்கே. விழுந்தால் முதலில் சீட்டுக் கிழிவதும் அங்கேதான். அப்படிப் போகிறவன் கையில் எதைக் கொண்டு போகிறான்?

அவன் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எந்தத் துளையில், எவ்வளவு கதிர் என்று அதில் இருக்கவேண்டும். அதன் மறுபடி உரிமம் பெற்ற கம்பெனியிடமும் அரசிடமும் இருக்கவேண்டும். காண்ட்ராக்டரின் பெட்டியில் மட்டும் இருந்தால் பயனில்லை. அக்கம்பக்கத்துக் கிணற்று நீரை முதல் துளைக்கு முன்பே சோதித்து எழுத வேண்டும். பிறகு சோதித்தால் "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லிவிடலாம். உரிமத்தைக் கொடுக்கும்போதே இவற்றை நிபந்தனையாக்குவது அரசால் ஆகாத காரியமன்று. நமீபியாவில் தேடும் உரிமம் முதலில் மூன்றாண்டுக்குக் கொடுபடுகிறது. புதுப்பிக்க வரும்போது கணக்கைக் காட்டு என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

கணக்கு இல்லாமற்போனால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கப் பாலைநிலத்தைப் பார்க்கலாம். நவஹோ இனத்தவரின் பூமியிலும் அதைச் சுற்றிய மாநிலங்களிலும், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து பல பத்தாண்டு யுரேனியம் தோண்டினார்கள். நவஹோ நிலத்தில் மட்டும் கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500-க்கு மேல். நுரையீரல் நோயில் ஆண்கள் விழுந்தார்கள், விதவைகள் கேட்டார்கள், 1990-இல் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. கேட்டுப் போனவர்களிடம் வேலைச் சான்று எங்கே என்றார்கள். தம் குலமுறைப்படி மணம் செய்துகொண்ட விதவைகளிடம் திருமணச் சான்று எங்கே என்றார்கள். 2000-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, ஆலையில் அரைத்தவரையும் தாதுவை லாரியில் ஏற்றிச் சென்றவரையும் சேர்த்தார்கள். துளை போட்டவன் அப்போதும் இல்லை. சுரங்கம் எங்கே தோண்டுவது என்று காட்டிக் கொடுத்தவனே அவன்தான். அவன் பெயர் சட்டத்தில் ஏறியது 2025 ஜூலையில், முப்பத்தைந்து ஆண்டு கழித்து.

இப்போது அவனுக்கு 1,00,000 வெள்ளி வரை உண்டு. ஆனால் 1990 முடிவதற்குள் ஓராண்டாவது அந்த வேலை செய்ததையும் நோய் வந்ததையும் அவன் காட்ட வேண்டும். விண்ணப்பம் 2027 டிசம்பர் 31-க்குள் போய்ச் சேர வேண்டும். எழுபதும் எண்பதும் வயதானவர்கள், என்றோ ஒரு கோடையில் எந்தக் கம்பெனிக்கு எந்த மேட்டில் துளை போட்டோம் என்பதற்குச் சம்பளச் சீட்டுத் தேடிப் பழைய தகரப் பெட்டிகளைக் கொட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.